ஆல்டர் துணி

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடிப்படிக்கு அடியில் என் தையல் கடை இருந்தது. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு ஸ்டூல். அதற்கு மேல் ஒன்றும் கொள்ளாது. படியின் சரிவுதான் கூரை என்பதால் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் தெருப்பக்கம் வர வேண்டும். வாசலில் ஒரு தகரப் பலகையில் 'இங்கு ஆல்டர் செய்து தரப்படும்' என்று எழுதி மாட்டியிருந்தேன்.

ரெடிமேட் துணி பெருகிய பிறகு எனக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. கடையில் வாங்கும் பேண்ட் யாருக்கும் அப்படியே பொருந்துவதில்லை. காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் காலைக் குறுக்கச் சொல்லி வருவார்கள். விமானப்படைக் குடியிருப்பிலிருந்து யூனிபார்ம் வரும். ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூடப் பாவாடைகளைக் கீழே இறக்கி விடுகிற வேலை மலைபோல் குவியும். எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். "அண்ணா, இத ஆல்டர் பண்ணணும்." நான் படித்தது பத்தாவது. இங்கிலீஷில் நான் தைரியமாகச் சொல்லக்கூடிய வார்த்தை என்று ஒன்று இருந்தால் அது 'ஆல்டர்'தான். அதை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். தையல்காரனுக்கு ஆகாத குணம் அது. டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். ஆனால் அதை ஓர் ஆள்மேல் வைத்து அளந்தது மிகக் குறைவு. பெண்கள் பிளவுஸ் தைக்க வந்தால், நன்றாகப் பொருந்துகிற பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அளவு பிளவுஸ் என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கத்தில் எல்லா டைலரிடமும் அது உண்டு. நான் ஆண்களிடமும் அப்படியே கேட்பேன். "அளவு பேண்ட் ஒண்ணு கொண்டாந்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டியதில்லை. பேசவும் வேண்டியதில்லை.

அந்த அக்கா முதன்முதலில் என் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். பொங்கல் முடிந்த சமயம். சாயங்காலம் நாலரை மணிக்கு, கையில் ஒரு துணிப்பையும் டிபன் பாத்திரமுமாக வந்து நின்றார்.

"இன்னாண்ணா, பிஸியா?"

"சொல்லுங்கக்கா."

அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராகத்தான் இருப்பார். ஆனாலும் நான் அக்கா என்றேன், அவர் அண்ணா என்றார். கடைசிவரைக்கும் இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"ஆல்டர் துணி ஒண்ணு தைக்கணும்ணா."

"கொண்டாந்திருக்கீங்களா? எங்க டைட்டு?"

"டைட்டா?"

"இல்ல, லூசா?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டிபன் பாத்திரம் கடகடக்கச் சிரித்தார். பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"கோச்சிக்காதீங்கண்ணா. நான் சொன்னது கோயில் ஆல்டர். சர்ச்சுல முன்னால மேச மாதிரி பெருசா இருக்கும்ல, அது. அது மேல விரிக்கிற துணி."

எனக்கு அப்போதும் சரியாக விளங்கவில்லை. ஆல்டருக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அவர் மேசைமேல் கிடந்த நீலச் சாக்குக்கட்டியை எடுத்தார். நான் வெட்டுவதற்காக விரித்து வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில் பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். முதல் மூன்று எழுத்தும் கடைசி எழுத்தும் இரண்டிலும் ஒன்றுதான். நாலாவது எழுத்துதான் வேறு. ஒன்றில் ஈ. இன்னொன்றில் ஏ.

"ஈ வந்தா மாத்துறது. உங்க கடை. ஏ வந்தா எங்க கோயிலு. சாமிக்கு முன்னால கும்புடுற எடம், படைக்கிற எடம். அவ்ளோதாண்ணா, பெரிய விசயம் ஒண்ணும் இல்ல."

இருபது வருஷமாக நான் சொல்லிச் சம்பாதித்த வார்த்தைக்கு ஒரு கூடப்பிறந்தது இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, தெருவோரத்தில் நின்று, முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு இங்கிலீஷ் எழுதிக் காட்டுகிற துணிச்சல். அவரைப் பார்த்தால் டீச்சர் மாதிரி இல்லை. நீலக் கரைபோட்ட வெள்ளைப் புடவை. பள்ளிக்கூட ஆயாக்கள் கட்டுகிற யூனிபார்ம் புடவை அது.

ஆயாதான். கிழக்குத் தாம்பரத்தில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. வீடு பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம். அவர் படித்தது எட்டாவது வரைக்கும், அதுவும் தமிழில். பிறகு எங்கிருந்து இங்கிலீஷ் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே போகப் போகச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஆயா உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூக்கைத் துடைக்க, பாத்ரூமுக்குக் கூட்டிப்போக, சாப்பாடு சிந்தினால் பெருக்க. மீதி நேரம் மிஸ் நடத்துகிற பாடம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வருஷா வருஷம் அதே பாடம், அதே ஸ்பெல்லிங் டெஸ்ட்.

"ஒரே பாடத்துல பதினோரு தடவ பாஸ் பண்ணிக்கினு கீறேண்ணா. சர்ட்டிபிகேட்டுதான் குடுக்க மாட்டன்றாங்க."

காதில் விழுந்ததோடு அவர் விடுவதில்லை. புரியாவிட்டால் கேட்டுவிடுவார். மிஸ்ஸிடம், ஆபீஸ் கிளார்க்கிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற காலேஜ் பெண்ணிடம். "இதுக்கு இன்னாம்மா அர்த்தம்?" கேட்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. நான் தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும் என்று கேட்க வெட்கப்பட்டு இரண்டு வண்டியை விட்டவன். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பாக இருந்தது.

அவர் சொன்னதில் ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. பள்ளிக்கூட வராண்டாவில் பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லி ஒரு பெயிண்டர் சுவரில் 'கீப் கொயட்' என்று எழுதினாராம். எழுதும்போது கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். மிஸ்மார்கள் எல்லோரும் தினமும் அதைத் தாண்டிப் போனார்கள். ஒன்று பார்க்கவில்லை, இல்லையென்றால் பார்த்துவிட்டு நமக்கேன் என்று போனார்கள். இந்த அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நேரே பிரின்சிபால் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"'கீப்'னா வை. 'கொய்ட்'னா ரொம்ப. மேடம், ரொம்ப வை, ரொம்ப வைன்னு எழுதி வச்சா புள்ளைங்க இன்னாத்த வைக்கும்னு கேட்டேன். மேடம் வெளிய வந்து பாத்துட்டு அவங்களே சிரிச்சிட்டாங்க. மறுநாளே பெயிண்டர் வந்துட்டாரு."

"உங்கள ஒண்ணும் சொல்லலயா?"

"இன்னா சொல்லப் போறாங்க? தப்பா எழுதுனது சுவரு. நானா?"

ஆல்டர் துணி விஷயத்துக்கு வருகிறேன். அவர் போகிற சர்ச் என் கடையிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஆல்டரைத் துடைத்து, அந்தந்தக் காலத்துக்கு உரிய நிறத்தில் துணி விரித்து, பூ வைத்துப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அங்கே சபையில் ஒரு பெண்ணுக்கு உண்டு. வெகுகாலம் அதை ஒரு பாங்க் அதிகாரியின் மனைவி செய்துவந்தார். அவர்கள் பெங்களூர் போய்விட்டார்கள். யார் செய்வது என்று பேச்சு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சு துடைக்கிற இவரிடம் போதகர் ஒப்படைத்துவிட்டார். சபைச் செயலாளருக்கு அது பிடிக்கவில்லை.

"நேரா சொல்ல மாட்டாருண்ணா. 'பாவம், அவங்களுக்கு வேலை நெறய, இதையும் ஏன் அவங்க தலைல கட்டணும்'னுவாரு. ஆயாம்மா தொட்ட துணியான்னு உள்ளுக்குள்ள."

ஈஸ்டருக்கு வெள்ளைத் துணி. இருந்தது நைந்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும். சென்னையில் பெரிய கடையில் ஆர்டர் கொடுக்கலாம் என்றார் செயலாளர். இந்த அக்கா கூட்டத்தில் எழுந்து, "இங்க தாம்பரத்துலயே தைக்கலாம் சார், நடுவுல பூ வேல நானே போடுறேன், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் டைலரைத் தேடி என் கடைக்கு வந்திருக்கிறார்.

"சரியா வரலன்னா ஆல்டர் பொறுப்பு போயிடும்ணா. அவரு காத்துக்கினு கீறாரு" என்றார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேசையைத் துடைக்கிற வேலை போனால் என்ன என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். பதினோரு வருஷம் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவருக்கு, உலகத்தில் முதல் தடவையாக ஒருவர் முன்வரிசையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"ரெண்டு பக்கமும் தரைவரைக்கும் தொங்கணும்ணா. தரையத் தொடக் கூடாது, ஒரு வெரக்கட விட்டு நிக்கணும். நீங்க வந்து ஆல்டரை அளந்துக்குங்க. சனிக்கெழம தொறந்து வைக்கிறேன்."

நான் சர்ச்சுக்குள் போனதே இல்லை. வெளிக்கேட்டைத் தாண்டியதில்லை. அங்கே பெண்கள் கூட்டமாகப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். செருப்பை எங்கே விடுவது, யாரிடம் என்ன சொல்வது, முன்னால் அந்த இடத்துக்கு நான் போகலாமா, போனால் கும்பிடணுமா. நினைக்கும்போதே எனக்கு வியர்த்தது.

"பழைய துணி இருக்குதுல்ல? அதக் குடுத்துடுங்கக்கா. அளவு பிளவுஸ் மாதிரி. அதே அளவுல வெட்டிடறேன்."

"வந்து ஒரு தடவ பாத்துக்கலாமேண்ணா."

"தேவையில்லக்கா. நான் இருபது வருசமா அப்படித்தான்."

அடுத்த வாரமும் ஒரு முறை வந்து கூப்பிட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை பழைய துணியை மடித்து, ஒரு வெள்ளைத் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே புதுத் துணியும்.

புதுக் காட்டனை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டேன். சுருங்குவது முன்பே சுருங்கிவிட வேண்டும் இல்லையா. அதில் நான் தவறு செய்யவில்லை. பழையதை மேசைமேல் விரித்து, அதன்மேல் புதியதை விரித்து, நூல் பிசகாமல் வெட்டினேன். ஓரம் மடித்து அடித்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதில் நடுவில் ஒரு சிலுவையும் சுற்றிலும் திராட்சைக் கொடியும் போட்டார். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் அவர்களுக்கு லெந்து என்கிற நோன்புக் காலம். அந்த நாற்பது நாளும் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், வகுப்பறை மூலையில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குக் காட்டுவார். வெள்ளைமேல் வெள்ளை நூல். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கிட்டப் போனால் கொடி ஓடும்.

"தெரியவே தெரியாதேக்கா. கலர் நூல் போட்டிருக்கலாமே?"

"தெரியணும்னு போடலண்ணா" என்றார்.

நான் பிறகு கரையில் லேஸ் வைத்து, இஸ்திரி போட்டு, புனித வெள்ளிக்கு முந்தின நாள் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. நான் ஒரு பேண்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றார். யூனிபார்ம் புடவை இல்லை, வீட்டுப் புடவை. மூச்சு வாங்கியது.

"அண்ணா, டேப்ப எடுத்துக்கினு வாங்க."

ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன். மார்க்கெட்டில் ஈஸ்டருக்குப் பூ வாங்குகிற கூட்டம். அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். நான் அவர் புடவையைப் பார்த்தபடி போனேன்.

சர்ச் வாசலில் எல்லோர் செருப்பும் கிடந்த இடத்தில் என்னுடையதையும் விட்டேன். உள்ளே ஐந்தாறு பெண்கள். ஈரத் தரை, லில்லி வாசனை. முன்னால் மூன்று படி உயரத்தில் அது இருந்தது. காகிதத்தில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டிய அந்த வார்த்தை. தேக்கு மரத்தில், ஏழடி நீளத்தில், என் மார்பு உயரத்துக்கு. அதன்மேல் என் துணி. நடுவில் கொடி அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு பக்கமும் துணி பாதியில் நின்றுவிட்டது. ஒரு சாணுக்குக் கூடுதலாகவே கீழே மரம் தெரிந்தது. வளர்ந்த பிள்ளைக்குப் போன வருஷத்துப் பாவாடை போட்டதுபோல.

எப்படி நடந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பழைய துணி எத்தனையோ வருஷம் தோய்த்துத் தோய்த்துச் சுருங்கியது. இரண்டு பக்கமும் பெரிய பித்தளைப் பூ ஸ்டாண்டுகள் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. இந்த ஈஸ்டருக்குப் புதுத் துணி முழுதாகத் தெரியட்டும் என்று அக்கா ஸ்டாண்டுகளைப் படிக்குக் கீழே இறக்கியிருக்கிறார். நான் சுருங்கியதை அளவாக வைத்து வெட்டியிருக்கிறேன்.

செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. குரலை உயர்த்தவில்லை.

"இதுக்குத்தாம்மா சொன்னேன், பழக்கப்பட்ட கடையில குடுக்கலாம்னு. நாளைக்குக் காலைல ஆராதனை. இத எப்படி ஜனங்க முன்னாடி போடறது?"

"என் தப்பு சார்" என்றார் அக்கா. "பழைய துணியக் குடுத்து இதே மாதிரி தைங்கன்னு நான்தான் சொல்லிட்டேன். அளந்து பாக்கணும்னு எனக்குத் தோணல."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தப்புன்னு நான் சொல்லல. உங்களுக்கே வேலை அதிகம். ஈஸ்டர் முடியட்டும், இந்தப் பொறுப்ப வேற யார்கிட்டயாவது மாத்திடலாம். ஐயர்கிட்ட நான் பேசறேன்." போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

அக்கா தலையை ஆட்டினார். சுவரில் தப்பாக எழுதியிருக்கிறது என்று பிரின்சிபாலிடமே போய்ச் சொன்னவர், ஒரு வார்த்தை பேசாமல் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற பெண்கள் பூவைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள்.

அத்தனை பேர் நடுவில் நான் எங்கேயும் வாய் திறந்ததில்லை. என் கல்யாணத்திலேயே நான் பேசியது கொஞ்சம்.

"சார்."

யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னேன்.

"சார். அவங்க என்ன அளக்க வரச் சொன்னாங்க. ரெண்டு தடவ கூப்ட்டாங்க. நான்தான் வரல. பழைய துணி போதும்னு நான்தான் சொன்னேன்."

செயலாளர் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார்.

"ஏன் வரல?"

"கூச்சமா இருந்துச்சு சார்."

"கூச்சமா?"

"ஆமா சார். ஆளுங்கள அளக்கறதுன்னா எனக்குக் கூச்சம்."

பூக்கூடையோடு நின்ற ஒரு வயதான அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்த முடியாமல், "டேபிளுக்கு இன்னாப்பா கூச்சம்? அது இன்னா உன்ன மொறச்சிப் பாக்கவா போவுது?" என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளரின் மீசைகூட ஒரு பக்கம் அசைந்தது. எனக்குக் காது வரைக்கும் எரிந்தது. ஆனால் சொல்ல வேண்டியது பாதிதான் முடிந்திருந்தது.

"சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சரி பண்ணிடறேன் சார். ஒட்டுப் போட்டது தெரியாது. ஜூன் மாசம் பூரா இந்த வேலதான் செய்யறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு நான் இங்க இருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் மூன்று படி ஏறினேன். டேப்பின் ஒரு நுனியை அக்கா மரத்தின் மேல்விளிம்பில் பிடித்துக்கொண்டார். நான் தரைவரை இறக்கினேன். அவர் அங்குலத்தைச் சத்தமாகச் சொல்லி, தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். இடது பக்கம் ஒன்பதரை வேண்டும், வலது பக்கம் ஒன்பது. தரை ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. இதையெல்லாம் எந்தப் பழைய துணியும் எனக்குச் சொல்லியிருக்காது. பக்கத்தில் நின்று தொட்டு அளந்தபோதுதான், ஏ போட்ட அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. அதுவரை அது ஓர் எழுத்து மாறிய என் வார்த்தை, அவ்வளவுதான். விளிம்பில் மரம் பல கைகள் பட்டு வழவழப்பாக இருந்தது. முட்டி போட்டவர்களின் முட்டி பட்டுப் படி நடுவில் குழிந்திருந்தது. "கும்புடணுமா?" என்று மெல்லக் கேட்டேன். "டேப்ப நேரா புடிங்கண்ணா, அது போதும்" என்றார்.

வெட்டியதில் மிஞ்சிய அதே துணி கடையில் இருந்தது. தலையணை உறை தைத்துத் தரலாம் என்று சுருட்டி வைத்திருந்தேன். அக்கா மார்க்கெட்டுக்கு ஓடி அதே லேஸில் இன்னும் நாலு மீட்டர் வாங்கி வந்தார். மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மிஷின் கால்மிஷின்தான் என்பதால் வேலை நிற்கவில்லை. இரண்டு பக்கமும் கரையிலிருந்த லேஸை அப்படியே விட்டு, அதன் அடியில் புதுத் துண்டை இணைத்தேன். தையல் லேஸுக்குள் மறைந்தது. கீழே இன்னொரு வரிசை லேஸ். முதலிலிருந்தே இரட்டைக் கரையாக நினைத்துத் தைத்ததுபோல் வந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஓரத்தைக் கையால் மடித்து அடித்தார். வியர்வை துணியில் விழாமல் இருக்க நெற்றியில் கர்ச்சீப் கட்டியிருந்தார்.

ஒரு பக்கம் தைத்து முடித்தேன். பிறகு நான் கேட்டேன்.

"ஏங்க்கா அங்க அப்படிச் சொன்னீங்க? நீங்க வரச் சொன்னீங்கதான?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"நான் பொறுப்புன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னது யாரு? நீங்களா?" ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "நீங்க வரலன்னா கையப் புடிச்சி இட்டுக்கினு போயிருக்கணும். புள்ளைங்க அழுதுக்கினே இருக்கும், நான் தூக்கினு போயி கிளாஸ்ல உக்கார வைக்கலயா? உங்கள வுட்டுட்டேன். அது என் தப்புதான?"

தப்பு யார் மேல் என்று பிரித்துப் பார்க்கிற உலகத்தில்தான் நான் இருந்தேன். பேண்ட் டைட்டாக இருந்தால் கடைக்காரன் தப்பு, லூசாக இருந்தால் போட்டவன் தப்பு. இவர் 'பொறுப்பு' என்ற வார்த்தையை வேறு விதமாகப் படித்து வைத்திருந்தார். அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது.

"நீங்க பேசுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லண்ணா" என்றார் ஓரத்தை மடித்தபடி. "உங்க கொரல் அம்மாம் பெருசா இருக்கும்னு தெரியாது."

"பெருசாவா இருந்துச்சு?"

"நீங்க ரெண்டாவது தடவ 'சார்'னதும் ஃபேனே நின்னுடுச்சி."

ஐந்தே முக்காலுக்கு இருவரும் போனோம். துணி கசங்கக் கூடாது என்று ஒரு கம்பில் சுற்றி, ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தோம். விரித்தபோது இரண்டு பக்கமும் தரைக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. செயலாளர் சொன்னபடி வந்திருந்தார். முதலில் எட்டி நின்று பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, இடது பக்கக் கரையை விரலால் தடவினார். அப்படிக் குனிந்ததில் நடுவில் இருந்த வெள்ளைக் கொடி அவர் கண்ணில் பட்டது. அதைக் காலையில் அவர் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கொடி ஓடுகிற வழியில் அவர் முகமும் ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போனது.

"இத யார் போட்டது?"

"நான்தான் சார்."

"எத்தன நாளாச்சு?"

"லெந்து நாள் பூராவும்."

அவர் நிமிர்ந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பூ ஸ்டாண்டைச் சுட்டிக்காட்டி, "இத இங்க கொண்டாராதீங்க, மறைக்கும். கீழயே இருக்கட்டும்" என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பி அக்காவைக் கேட்டார்.

"அடுத்தது பெந்தெகொஸ்துப் பண்டிகைக்குச் சிவப்புத் துணி. அதுவும் பழசாத்தான் இருக்கும். எப்ப தைக்கப் போறீங்க?"

"நீங்க துணி வாங்கிக் குடுத்தா போதும் சார்" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் உள்ளங்கையை, காலையில் அங்குலம் எழுதியிருந்த அந்தக் கையை, இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"ஐயர்கிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். காலையில் 'ஐயர்கிட்ட நான் பேசறேன்' என்று அவர் சொன்னதைக் கேட்டபோது இருந்த பயம் இப்போது எங்கள் இருவருக்கும் இல்லை.

அக்கா துணியின் மூலையை மறுபடியும் ஒரு தடவை இழுத்துச் சரிசெய்தார். பிறகு படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "போயி சாப்புடுங்கண்ணா, காலைலேர்ந்து டீதான் குடிச்சிக்கினு கீறீங்க" என்றார். அவரும் சாப்பிடவில்லை. நான் அதைச் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்" என்றார்.